மலைக்கிராமத்துக்குப் படகு

பொதுக்கொள்கை முதுகலைக்குப் பகுதிநேர விரிவுரையாளர் தேர்வு. மாதிரி வகுப்பில், விண்ணப்பித்திருந்த பொன்னுத்தாய்க்கு மாணவர்கள் கைதட்டியதிலிருந்தே துறைத்தலைவர் அறவாழிக்கு வயிறு எரிந்தது. அவர் வகுப்பில் கொட்டாவிதான் கேட்கும்.

“தலைமைச் செயலகத்துல முப்பது வருஷம் கோப்பு எழுதினீங்க, சரி. நாலு பேர் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கீங்களா? இப்பவே காட்டுங்க, வேலை உங்களுக்குத்தான்,” என்றார் தேர்வுக் குழுவின் முன்னால்.

பொன்னுத்தாய் மேசைமேல் இருந்த அறவாழியின் புத்தகத்தையே எடுத்துப் பிரித்தார்.

“மலைக்கிராமச் சாலை அரசாணையை இதுல புகழ்ந்திருக்கீங்க. அந்த வரைவு நான் எழுதினது சார். ‘படகுகள் தயாராக இருக்க வேண்டும்’ங்கிற வரியில என்ன தொலைநோக்குன்னு மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. பழைய வெள்ள ஆணையைப் பார்த்து எழுதினப்ப நான் நீக்க மறந்த வரி அது.”

வேலையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. பொன்னுத்தாயின் முதல் வகுப்பே அந்த வரியைப் பற்றித்தான். பக்கத்து அறையிலிருந்த அறவாழிக்குக் கைதட்டல் கேட்டது, கூடவே சிரிப்பும்.