நான்காம் எண் பட்டை

இது நான் நேரில் பார்த்ததல்ல. அந்த ஆசிரமத்துக்குப் பால் எடுக்கப் போகும் வேன் ஓட்டுநர் சொன்னது. அவரும் அங்கே சமையற்கட்டில் கேட்டதாகத்தான் சொன்னார்.

மலையடிவாரத்து ஆசிரமம். குரு பூங்கோதை அம்மாவுக்கு நாற்பது வயது. தொழுவத்தைக் கவனித்துக்கொண்ட சீடர் சிவக்கொழுந்துக்கு அறுபது தாண்டிவிட்டது. இருபத்தாறு மாடுகள். தூரத்தில் வால் ஆடுவதைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார்.

அந்த ஐப்பசியில் பக்கத்து ஊருக்குக் கழலை நோய் வந்தது. மாட்டின் உடம்பெல்லாம் கட்டி எழுப்பி, காய்ச்சலில் சாய்த்துவிடும் நோய். ஈயும் கொசுவும் அதைச் சுமந்து திரியும். ஒன்பது மாடுகள் செத்துப்போயின என்று பேச்சு.

அம்மா ஒவ்வொரு மாட்டுக்கும் எண் போட்ட கழுத்துப்பட்டை கட்டச் சொன்னார். உடம்புச் சூட்டையும் அசைபோடும் நேரத்தையும் அது அளக்கும். ஏதாவது கோளாறென்றால், அந்த எண்ணுக்குரிய மாட்டின் பெயரோடு சிவக்கொழுந்தின் செல்போனுக்குச் செய்தி வரும்.

ஒரு சனிக்கிழமை காலை செய்தி வந்தது. செங்கமலத்துக்குக் காய்ச்சல்.

உடனே அதைப் பிரித்துக் கொசுவலைக் கொட்டகையில் கட்டினார். செங்கமலம் ஒரு கட்டுப் புல்லைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டுக் கத்தியது. சமையற்கட்டு மரகதம் எட்டிப் பார்த்தாள்.

“மாடு நல்லாத்தான் இருக்கு, ஐயா. செல்போனுக்குத்தான் காய்ச்சல்.”

அவருக்குச் சுருக்கென்றது. நேராக அம்மாவிடம் போனார். நாற்பது வருஷமாக மாடு பார்ப்பவன் நான், பட்டைகளைக் கழற்றிவிடலாம், செங்கமலத்தைத் தொழுவத்துக்கே கொண்டுபோகலாம் என்றார். கடைசியில் கேட்டார்:

“கண்ணை நம்பறதா, கருவியை நம்பறதா, அம்மா?”

அம்மா எழுந்து கொட்டகைக்கு நடந்தார். செங்கமலத்தின் கழுத்துப்பட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“இதைப் படிங்க, ஐயா.”

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“பதினொண்ணு.”

“செங்கமலத்தோட எண்?”

“நாலு.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நேற்று வெள்ளிக்கிழமை. குளிப்பாட்டி மஞ்சள் பூசும் நாள். பட்டையில் கறை படியக் கூடாதென்று எல்லாவற்றையும் கழற்றி ஒரே ஆணியில் மாட்டியவர் அவர்தான். கைக்கு வந்ததை எடுத்துத் திரும்பக் கட்டியவரும் அவர்தான். முகம் தெரிந்த மாட்டுக்கு எண்ணை எதற்குப் பார்ப்பது?

அந்த வயதில் அவர் ஓடினார். கழுத்து கழுத்தாகக் குனிந்து பார்த்தார். நான்காம் எண் மயிலையின் கழுத்தில் இருந்தது. உடம்பில் ஒரு கட்டிகூட இல்லை. காதைத் தொட்டார். கொதித்தது.

மத்தியானத்துக்குள் மயிலை வலைக்குள் போய்விட்டது. மருத்துவர் வந்து ஊசி போட்டார். தொழுவத்தில் வேப்பிலைப் புகை நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் மயிலைக்குக் கட்டிகள் எழும்பின. மற்ற இருபத்தைந்தையும் தினமும் விடியற்காலையில் சாண் சாணாகத் தடவிப் பார்த்தார் சிவக்கொழுந்து. எதிலும் ஒன்றுமில்லை.

நான்காவது வாரம் மருத்துவர் வந்து, எல்லாம் தப்பித்துவிட்டன என்றார். மரகதம் அண்டா நிறையப் பாயசம் வைத்தாள். சிவக்கொழுந்து இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, தலை நிமிர்ந்து அம்மா முன்னால் வந்து நின்றார்.

“இப்பவாவது சொல்லுங்க அம்மா. ஜெயிச்சது கருவியா, நானா?”

“மயிலையைக் கேளுங்க. இப்பத்தான் அசைபோட உட்கார்ந்திருக்கு. முடிக்கட்டும், அப்புறம் கேளுங்க.”

பின்னால் நான் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தேன். பக்கத்து ஊரில் செத்தது ஒன்பது இல்லை, பதினான்கு. ஆசிரமத்தில் ஒன்றுகூட இல்லை.