ஆள் வரவில்லை

அம்பலவாணருக்குச் சந்தேகம் இல்லாமல் ஒருநாள் விடியாது. பால்காரி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறாளா என்று விரலை விட்டுப் பார்ப்பார். விளக்கில் எண்ணெய் குறைந்தால் யார் எடுத்தது என்று சீடர்களை வரிசையாக நிறுத்தி விசாரிப்பார். சமஸ்தானத்தில் இருபது வருஷம் நியாயாதிபதியாக உட்கார்ந்த மனுஷன். மடத்துக்கு வந்து சீடரான பிறகும் அந்த நாற்காலி அவரை விட்டு இறங்கவில்லை.

ஆற்றங்கரையில் கூரை வேய்ந்த சின்ன மடம் அது. நாலைந்து சீடர்கள், ஒரு கிணறு, இரண்டு பசு. குரு அம்பலவாணரைவிட வயதில் ரொம்ப இளையவர். அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். அம்பலவாணர் குருவைச் 'சாமி' என்பார். ஊரார் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

வீட்டையும் நிலத்தையும் தம்பி மக்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் அம்பலவாணர். திரும்பிப் போக இடம் கிடையாது. கார்த்திகையில் தீட்சை தருவதாகக் குரு சொல்லியிருந்தார். மிச்சமுள்ள நாளை நிம்மதியாகக் கழித்துவிட்டுப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட இசக்கி வந்து சேர்ந்தான்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே வந்தான். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு துணிமூட்டை. குருவிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினான். குரு அவனைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆள் யார், என்ன சங்கதி என்று யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று முதல் அம்பலவாணர் அவன்மேல் ஒரு கண் வைத்தார்.

அவன் சமையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பார்வை! மனுஷனுக்கு மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாமா? அவன் கண் கழுத்தில் வந்து நிற்கும். பிறகு மெல்ல இறங்கிப் பாதம்வரை போகும். சந்தையில் ஆடு பிடிக்கிறவன் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்வானே, அந்த மாதிரிப் பார்வை.

இசக்கி ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து அம்பலவாணர் அவன் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு வேட்டி, ஒரு துண்டு, கொஞ்சம் திருநீறு. வேறொன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே அவருக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் போயிற்று.

ஒருநாள் கிணற்றுக்குப் புதுக் கயிறு வந்தது. அம்பலவாணர் தற்செயலாக அந்தப் பக்கம் போனார். தற்செயலாக என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். இசக்கி ஒரு கனிந்த வாழைப்பழத்தை உரித்துக் கயிறு நெடுகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கயித்துக்கு எதுக்குப்பா பழம்?"

"கயிறு மெதுவாகும் ஐயா. இழுத்தா சிக்காம ஓடும்."

"இதை எங்க கத்துக்கிட்டே?"

"செஞ்ச வேலையில."

"என்ன வேலை?"

"அரமனை வேலை ஐயா."

"அரண்மனையில நான் இருபது வருஷம் இருந்திருக்கேன். உன்னை ஒருநாளும் பாத்ததில்லையே?"

"ஐயா எங்க பக்கம் வந்ததில்ல."

"என்னைத் தெரியுமா உனக்கு?"

இசக்கி கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஐயா பேரு நல்லாத் தெரியும்" என்றான்.

அம்பலவாணர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே குருவிடம் போனார்.

"சாமி, அந்த ஆளு சரியில்ல."

"என்ன செஞ்சான் அண்ணாச்சி?"

"இன்னும் ஒண்ணும் செய்யல. அதுதான் பயமா இருக்கு."

குரு சிரித்துவிட்டார். அம்பலவாணருக்குச் சுருக்கென்றது.

"சிரிக்காதீங்க சாமி. என் தீர்ப்பால கெட்டுப்போன குடும்பம் ஒண்ணா ரெண்டா? எவனுக்கோ இவன் அண்ணனோ தம்பியோ. பழிவாங்க வந்திருக்கான். என் பேரு அவனுக்கு நல்லாத் தெரியுமாம்!"

"எந்தக் குடும்பம்னு நினைக்கீங்க?"

ஒரு பேர் நாக்கு நுனிவரை வந்தது. அம்பலவாணர் அதை விழுங்கிவிட்டு எழுந்து போனார்.

அந்தப் பேர் மாடப்பன். ஓடக்காரன். கல்யாணமாகி ஒரு மாதம் ஆகாத பெண் ஒருத்தி அவன் ஓடத்தில் ஏறினாள். அக்கரை போய்ச் சேரவில்லை. ஆற்றில் பிணமாக ஒதுங்கினாள். அவள் கழுத்துச் சங்கிலி ஓடத்துப் பலகைக்கடியில் இருந்தது. பெற்றவள் நியாயசபையில் வந்து மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். அம்பலவாணர் தூக்கு என்று எழுதினார். "நான் இல்ல ஐயா" என்றான் மாடப்பன். தூக்கு என்று காதில் விழுந்தபிறகு எவன்தான் "ஆமா, நான்தான்" என்று சொல்லியிருக்கிறான்! அம்பலவாணர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எத்தனையோ பேருக்குத் தண்டனை எழுதியவர்தான். ஏனோ இவன் பேர்தான் நாக்கில் வந்தது.

மறுநாளிலிருந்து அம்பலவாணருக்குக் காக்கையின் மேல் திடீர் பக்தி வந்துவிட்டது. இசக்கி பரிமாறியதும் ஒரு கவளத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவார். காக்கை தின்னும். தின்ற காக்கை ஒழுங்காகப் பறக்கிறதா, தள்ளாடுகிறதா என்று நின்று பார்ப்பார். அது கூரைமேல் போய் உட்கார்ந்து கத்திய பிறகுதான் இலைக்குத் திரும்புவார். அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். மற்ற சீடர்கள் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவார்கள்.

"காக்கைக்கு இருக்கிற தைரியம்கூட இந்த மனுஷனுக்கு இல்லையே" என்றார் ஒருவர். அது அவர் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன பண்ண? உயிர் பயம் என்றால் சும்மாவா?

ஆள் பாதியாக இளைத்துவிட்டார். கண்ணை மூடினால் சமையல்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு விழித்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் மழை விடாமல் கொட்டியது. காக்கை ஒன்றுகூட வரவில்லை. இலையில் சோறு. எதிரே குழம்புச் சட்டியோடு இசக்கி. அம்பலவாணர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நீ யாருலே? உண்மையைச் சொல்லு. மாடப்பனுக்கு நீ என்ன முறை?"

இசக்கி சட்டியைக் கீழே வைத்தான். "எந்த மாடப்பன் ஐயா?"

"ஓடக்காரன் மாடப்பன். தெரியாத மாதிரி நடிக்காதே."

"அவனா?" இசக்கி கையைத் துடைத்துக்கொண்டான். "உறவெல்லாம் இல்ல ஐயா. ஐயா தூக்குன்னு எழுதி அனுப்புவீக. மேடையில முடிச்சைப் போட்டுப் பலகையைத் தட்டிவிடறது நான். அதுதான் எனக்கு அரமனையில வேலை."

பழிவாங்க வந்தவன் இல்லை. அம்பலவாணருக்கு அப்பாடா என்றிருந்தது. மறுநிமிஷமே கண் இலைக்குப் போனது. இத்தனை நாள் தமக்குச் சோறு போட்ட கை அந்தக் கையா! இலையை எட்டித் தள்ளினார். மழையென்றும் பாராமல் ஆற்றுக்கு ஓடினார். தலை முழுகினார், மறுபடி முழுகினார். ஈரம் சொட்டச் சொட்டக் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"சாமி, ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"எங்க போவீங்க அண்ணாச்சி?"

"எங்கயோ போறேன். சத்திரத்துல கிடந்து சாகிறேன். தூக்குப் போட்ட கையால இனி ஒரு பருக்கை என் வாய்க்குள்ள போகாது. யாருன்னு தெரிஞ்சுமா இவனைச் சமையல்கட்டுல விட்டீங்க?"

"முதல்ல தலையைத் துவட்டுங்க." குரு துண்டை நீட்டினார். அம்பலவாணர் வாங்கவில்லை.

குரு துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "அந்த மாடப்பனுக்குத் தூக்கு எழுதினீங்களே, அது தப்புன்னு நினைக்கீங்களா?"

"தப்பா? ஒருநாளும் இல்ல. நீங்க அந்தத் தாயைப் பாக்கல சாமி. கழுத்துல மஞ்சள் காயாத புள்ளை. அவளைக் கொன்னவன் காவல்ல கிடந்தாலும் வேளாவேளைக்குச் சோறு தின்னுட்டு இருப்பான். பெத்தவ வெறும் வீட்டைப் பாத்துட்டு உட்கார்ந்திருப்பாளா? இது எந்த ஊரு நியாயம்? அன்னைக்கு நான் அப்படி எழுதலைன்னா மனுஷனே இல்ல."

சொல்லும்போதே ஈர வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை.

குரு தலையை ஆட்டினார். "கேக்கிற எனக்கே நெஞ்சு அடைக்கு. அப்போ அது நியாயமான காரியம்."

"நியாயமான காரியம்."

"நியாயமான காரியத்தைச் செஞ்ச கையில என்ன அழுக்கு?"



"நான் எழுதினது தீர்ப்பு சாமி. இவன் செஞ்சது..."

"இவன் செஞ்சது?"

கொலை என்ற சொல் பல்லுக்குள் வந்து நின்றது. அம்பலவாணர் அதை வெளியே விடவில்லை. குருவும் வற்புறுத்தவில்லை.

"சரி அண்ணாச்சி. அவனைப் போகச் சொல்லிடுதேன். போறதுக்கு முன்னால அவன்கிட்ட கேக்க உங்களுக்கு ஏதாவது உண்டா?"

அம்பலவாணர் குருவை உற்றுப் பார்த்தார். எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி இருந்தது. "எனக்கு என்ன இருக்கு கேக்க? ஒண்ணும் இல்ல."

"இல்லைன்னா சரி."

கூப்பிடுவதற்கு முன்பே இசக்கி மூட்டையோடு வந்துவிட்டான். எத்தனை இடத்தில் துரத்தியிருப்பார்களோ, அவன் முகத்தில் வருத்தம்கூடத் தெரியவில்லை. "வாரேன் சாமி. வாரேன் ஐயா" என்று கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கப் போனான்.

"நில்லு."

சொன்னது அம்பலவாணர்தான். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்று தவித்தார்.

"அந்த மாடப்பன்... கடைசியில ஏதாவது சொன்னானா?"

"சொன்னான் ஐயா. வாய் ரொம்ப நேரம் அசைஞ்சுது."

"என்ன சொன்னான்?"

"தெரியாது ஐயா. காதுல பஞ்சு வச்சிருந்தேன்."

"பஞ்சா?"

"எங்கப்பன் காலத்துலயிருந்து அப்படித்தான். அவங்க பேசறது காதுல விழுந்தா நமக்குக் கை ஓடாது. அதனால பஞ்சை அடைச்சுக்கிட்டுத்தான் மேடையில ஏறுவோம். கீழ நிக்கிறவங்களுக்கும் கேக்காது. தம்பட்டம் அடிப்பாங்க."

"அடப்பாவிகளா! அப்போ அவன் சொன்னதை ஒருத்தர்கூடக் கேக்கலையா?"

இசக்கி திகைத்துப்போய்ப் பார்த்தான். "ஐயா கேட்டிருப்பீகன்னு நினைச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே எழுதுவீக?"

அம்பலவாணர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குரு எழுந்து வந்து துண்டை அவர் தோளில் போர்த்தினார்.

"அன்னைக்கு நான் மேடைப் பக்கம் போகல சாமி" என்றார் அம்பலவாணர். "வீட்டுலயே உட்கார்ந்து வாசலைப் பாத்துக்கிட்டிருந்தேன். கடைசி நேரத்துல அவன் ஏதாவது புதுசா சொன்னா, நிறுத்தி வச்சுட்டு எனக்கு ஆள் அனுப்புவாங்கன்னு நினைச்சேன். பாத்துக்கிட்டே இருந்தேன். ஆள் வரல. அப்போ நான் எழுதினது சரிதான்னு எழுந்து கையைக் கழுவிட்டுச் சாப்பிடப் போனேன். ஆள் வரல, ஆள் வரலன்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷமும் தூங்கினேன்."

"ஆள் அனுப்பற வழக்கமே எங்களுக்குக் கிடையாதே ஐயா" என்றான் இசக்கி. பாவம், சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

"சங்கிலி ஓடத்துலதான் இருந்துது சாமி. பலகைக்கடியில. என் கண்ணால பாத்தேன்."

குரு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ஓடத்துல ஊரே ஏறி இறங்கும். யாரு வேணும்னாலும்..."

அம்பலவாணர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பாலையும் எண்ணெயையும் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு, சமைத்துப் போட்டவனைச் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு, அந்தச் சங்கிலியை வேறு யாராவது வைத்திருக்கலாமோ என்று இப்போதுதான் தோன்றியது.

மழை இரைந்துகொண்டிருந்தது. இசக்கி மூட்டையைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றான். அவனைப் போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

அம்பலவாணர் குருவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, நீங்க ஞானி. நீங்க சொல்லுங்க. மாடப்பன்தான் கொன்னானா? ஆமான்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்றார் குரு. "தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான்."