மயில் விரிப்பு

“அம்மா, என் வீட்டில் ஒருத்தருக்கும் ரசனையே கிடையாது!” வந்ததும் வராததுமாகப் பொரிந்து தள்ளினாள் சொர்ணவல்லி.

பூரணி அம்மை மடத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொர்ணவல்லியைவிட வயதில் இளைய துறவி. ஆனாலும் ஊருக்கே அவர் அம்மாதான்.

“என்ன ஆச்சு?”

“சாப்பாட்டு மேசைம்மா. வெள்ளை விரிப்பில் நானே தோகை விரிச்ச மயில் பின்னியிருக்கேன். நடுவில் வெண்கல உருளி. தினமும் புதுசா ரோஜா இதழ் மிதக்கும். எங்க தெருவில் அப்படி ஒரு மேசை யார் வீட்டில் இருக்கு, சொல்லுங்க!”

“கேட்கவே நல்லா இருக்கே.”

“ஆனா யாரும் அதில் உட்கார மாட்டேங்கறாங்க. இவர் தட்டைத் தூக்கிட்டு டிவி முன்னால போயிடறார். மகன் அறைக்குள்ள. மருமகள் அடுப்படியில் நின்னுக்கிட்டே ரெண்டு வாய். நாளன்னைக்கு மகனும் மருமகளும் கனடா போறாங்க. இனி எப்போ வருவாங்களோ. ஒரு வேளை, ஒரே ஒரு வேளை எல்லாரும் ஒண்ணா...”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளை மதியம் சாப்பிட வரேன்” என்றார் அம்மை.

மறுநாள் அம்மை மேசையைப் பார்த்தார். “அடேயப்பா!” என்றார்.

சொர்ணவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. விரிப்பின் மேல் கண்ணாடித்தாள் போட்டு, அதன்மேல் இலை போட்டாள்.

கணவர் சங்கரபாண்டி ஒரு நாற்காலியை மெல்ல இழுத்தார்.

“பார்த்து! முழங்கையை ஊனாதீங்க!”

அவர் நாற்காலியைத் திரும்பத் தள்ளிவிட்டார். மகன் சேந்தன் சுவரோரம் நின்றான். மருமகள் தேன்மொழி அடுப்படி வாசலைத் தாண்டவே இல்லை.

“நீங்க உட்காரலையா?” என்று கேட்டார் அம்மை.

“எங்களுக்கு இதுதான் வசதி” என்றான் சேந்தன். முகத்தில் வசதி ஒன்றும் தெரியவில்லை.

அம்மை தலையாட்டினார். கண்ணாடித்தாளை இலையோடு ஓரமாக ஒதுக்கினார். வத்தக்குழம்புக் கிண்ணத்தை எடுத்தார். மயிலின் கழுத்தில் நிதானமாகக் கவிழ்த்தார்.

“ஐயையோ!”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா... வேணும்னேவா கொட்டினீங்க?”

“ஆமாம்.”

“ஒரு வருஷமா கண்ணு பூத்துப் போகப் பின்னினதும்மா!”

“தெரியுது. ஒவ்வொரு பின்னலும் அருமை. அப்பளம் இருக்கா?”

சொர்ணவல்லிக்கு அழுகை முட்டியது. குருவாயிற்றே, திட்டவும் முடியவில்லை. உள்ளே போய் அப்பளத் தட்டோடு திரும்பி வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றாள்.

சங்கரபாண்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்கையும் மேசையில். சேந்தன் அவருக்குப் பக்கத்தில். தேன்மொழி எதிரில், தட்டைப் போட்டுக்கொண்டு.

“அத்தை, ரசம்” என்றாள் தேன்மொழி.

சொர்ணவல்லி ஊற்றினாள். அவசரத்தில் சேந்தன் கை தட்டி, ரசம் தோகை முழுக்கப் பாய்ந்தது. மேசையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

சொர்ணவல்லி ரசத்தைப் பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள்.

“சூடு பட்டுதாடா?” என்று கேட்டாள். பிறகு தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பேச்சும் சிரிப்பும் தெருவரை கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டு ரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள்.

“அடக் கடவுளே! சொர்ணம், உன் விரிப்பு பாழாப் போச்சேடி!”

சொர்ணவல்லி வாயில் இருந்த கவளத்தை மென்று முடித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆமா! எங்க வீட்டில் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறோம்!”