தலைவர் இழுத்த வில்

மரவில் செய்து தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பொழுதுபோக்குச் சங்கம் அது. அதன் தலைவர் பொன்னுரங்கம், புதிதாகச் சேர்ந்த லாரி டிரைவர் மாசாணத்திடம், "நான் மட்டும் இழுக்கிற மாதிரி ஒரு வில் செஞ்சு கொண்டா. வேற யாராலயும் முடியக் கூடாது. இல்லேன்னா உனக்கு இங்க இடமில்ல" என்றார். தலைவருக்கோ முருங்கைக்காய் போலக் கை.

மாசாணம் கொண்டுவந்தது சின்னப் பிள்ளைகூட இழுக்கக்கூடிய வில். "ஐயா, இதை முழுசா இழுக்கிறவங்க இன்னைக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தரணும்" என்றான்.

ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தார்கள். ஜிம் மாஸ்டர்கூட முக்கி முனகி, "நம்மால ஆகாதுப்பா" என்று கீழே வைத்தார். எல்லாரும் தலைவரையே பார்த்தார்கள். கொஞ்சம் யோசித்தார். பிறகு காதுவரை இழுத்தார். கைதட்டல் அடங்கவே இல்லை.

சாப்பிடும்போது தலைவர் மாசாணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அடுத்த தடவை எல்லாரும் இழுக்கிற மாதிரியே செய்யப்பா" என்றார்.