கேரியரில் வந்த ஏரி

ஓர் ஊரில் ஓர் ஏரி இருந்தது. இருந்தது என்பதைவிட மிச்சம் இருந்தது என்றால் பொருத்தமாக இருக்கும். அதன் மேற்குப் பாதியில் ஐந்து மாடிக் கட்டடங்கள் எழும்பி, 'ஏரிமுகம் குடியிருப்பு' என்று பலகையும் மாட்டியாகிவிட்டது. மீதிப் பாதியைக் கோடை குடித்தது போக ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

அந்தக் குடியிருப்பின் தரைத்தளத்தில் சேதுமாதவன் வசித்தார். தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் தனியாக சைக்கிள் ஓட்டுவார். கூட வரட்டுமா என்று மனைவி கேட்டாலே அவருக்கு முகம் சுண்டிவிடும். கரையில் நின்று ஏரியைப் படம் எடுத்து, 'என் ஏரி' என்று எழுதி நாலு பேருக்கு அனுப்பினால்தான் அவருக்கு இரவுச் சாப்பாடு இறங்கும்.

புரட்டாசி முதல் வாரம் ஒருநாள், ஏரி கரையேறி வந்து அவரை வழிமறித்தது.

“தம்பி, உங்க குடியிருப்பு வரைக்கும் என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போவியா?”

ஏரி பேசுகிறதே என்று சேதுமாதவன் ஆச்சரியப்படவில்லை. டபுள்ஸ் போக வேண்டுமே என்றுதான் வருத்தப்பட்டார்.

ஏரி தன் கவலையைச் சொன்னது. ஐப்பசியில் மழை வந்துவிடும். வருஷா வருஷம் வந்து தங்குகிற விருந்தாளி. தனியாகவும் வராது, ஓடை, வாய்க்கால் என்று உறவுமுறை அத்தனையையும் இழுத்துக்கொண்டு வரும். அவர்களைப் படுக்கவைக்க இடம் இல்லை. மேற்குப் பக்கத்தில் ஒரு மூலையையாவது கேட்டு வாங்கிவிட வேண்டும். இந்தக் கவலையில் ஏரிக்குச் சித்திரையிலிருந்தே தூக்கம் கிடையாது.

“என்னை 'என் ஏரி'ன்னு சொல்ற ஒரே ஆள் நீதான். உன்னை விட்டா நான் யாரைப் போய்க் கேட்பேன்?”

சேதுமாதவன் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தார். ஏரி இரண்டு கெண்டைகளை மடியில் கட்டிக்கொண்டு, கேரியரில் ஒருபக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்தது. சைக்கிள் முனகியது. தன்னை வாங்கும்போது ஏரி ஏற்றுவது பற்றிப் பேச்சே இல்லை என்றது. முன்னைப்போல் உடம்பு இருந்தால் உன் டயர் தாங்காது, இப்போது இளைத்துவிட்டேன், பேசாமல் போ என்று ஏரி அதைச் சமாதானப்படுத்தியது. புரட்டாசி ஆனதால் வழியில் யாரும் தங்களை ஒரு மாதிரி பார்க்கவில்லை என்று கெண்டைகளுக்குப் பரம நிம்மதி.

வாசலில் காவலாளி வடமலை நோட்டை நீட்டினார். வெளியாட்கள் எழுதாமல் உள்ளே போகக்கூடாது.

“எங்கேர்ந்து வர்றீங்கம்மா?”

“இங்கேர்ந்துதான்.”

இங்கிருந்து இங்கே வந்ததாக நோட்டில் எழுத முடியாது என்றார் வடமலை. அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. எந்த வீட்டுக்கு என்று கேட்டார். எல்லா வீட்டுக்கும் என்றது ஏரி. கட்டத்தில் ஒரு நம்பர்தான் கொள்ளும் என்றார். பார்த்துவிட்டுப் போகிறவரா, தங்குகிறவரா என்று கேட்டதற்கு, தங்குவதற்கு விருந்தாளி வருகிறார், மூன்று மாதம் இருப்பார், கூட எத்தனை பேர் என்று எண்ணியதில்லை என்று ஏரி உள்ளதை உள்ளபடி சொன்னது.

வடமலை தலையைச் சொறிந்துகொண்டு சேதுமாதவன் பக்கம் திரும்பினார். “சார், இவங்க உங்க ஆளுங்களா? ஆமான்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா உள்ள விட்டுடறேன்.”

உள்ளே நடந்துகொண்டிருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு, புது டைல்ஸில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்தார். சேதுமாதவன் யோசித்தார். ஒரு மூலை என்றால் எந்த மூலை? எப்படிப் பார்த்தாலும் அது தரைத்தளத்தில்தான் வந்து முடிந்தது.

“வழியில லிஃப்ட் கேட்டாங்க, ஏத்திட்டு வந்தேன். மத்தபடி யாருன்னே எனக்குத் தெரியாது.”

ஏரிக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கலங்கிவிட்டது. கேரியரிலிருந்து இறங்கி, கெண்டைகளை இறுக்கி முடிந்துகொண்டது. சேதுமாதவன் உள்ளே போக மிதித்தபோது சைக்கிள் இரண்டு முறை செயினைக் கழற்றிப் போட்டது. அதனால் முடிந்தது அவ்வளவுதான். அவர் அதைத் தூக்கிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

வடமலைக்கு மனசு கேட்கவில்லை. தெருமுனை வரை ஏரியோடு நடந்து வந்தார்.

“வருத்தப்படாதீங்கம்மா. உங்க விருந்தாளி வந்தா கேட்டாண்ட நின்னு என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. பேரும் போன் நம்பரும் எழுதிக் குடுத்தா போதும், நானே கேட்டு உள்ள விடறேன்.”

“நல்லா இருப்பா நீ,” என்றது ஏரி. “ஆனா அது கேட் வழியா வந்து பழக்கம் இல்லை. எழுதவும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பழைய விலாசம்தான்.”