புற்றுக்குப் பின்னால் படித்த பாட்டு

மலையடிவாரக் குளத்தங்கரையில் செம்போத்துப் பறவை ஒன்று பாட்டு வகுப்பு நடத்தியது. பிள்ளையோடு தாயும் வந்து உட்கார வேண்டும். தாய் "எங்கே, எங்கே?" என்று பாடும். பிள்ளை "இங்கே, இங்கே" என்று பாடி, சுரைக்குடுக்கையை மூன்று தடவை தட்டும். பாடம் அவ்வளவுதான்.

ஆனால் அது விளையாட்டுப் பாட்டு அல்ல. ஐப்பசி பிறந்தால் மழைமேகம் மலையில் இறங்கிவிடும். எதிரே யானை நின்றாலும் தெரியாது. போன வருஷம், பதில் பாடத் தெரியாத ஒரு மான்குட்டியைத் தாய் தேடிப் பிடிப்பதற்கு முன்பே சிறுத்தை கண்டுபிடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் செம்போத்து வகுப்பைத் தொடங்கியது.

கரடியம்மாவும் தன் குட்டி உருண்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது. உருண்டை ஓர் இடத்தில் இருந்தால்தானே! முயல்குட்டியின் குடுக்கையைப் பிடுங்கியது. மான்குட்டியின் வாலைக் கடித்தது. செம்போத்து பாட வாய் திறந்தால், அதைவிடச் சத்தமாகக் கத்தியது.

கரடியம்மாவுக்கு மானம் போயிற்று. கரடிகளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தேனடையில் ஒரு துண்டைப் பிட்டு உருண்டையின் வாயில் வைத்தது. குட்டி அடங்கியது. தேன் தீர்ந்ததும் மறுபடி கத்தியது. இன்னொரு துண்டு கிடைத்தது. உருண்டை கெட்டிக்காரக் குட்டி. கத்தினால் தேன் வரும் என்ற பாடத்தை ஒரே நாளில் கற்றுக்கொண்டது.

மூன்றாம் நாள் மான்குட்டியும் முயல்குட்டியும்கூடத் தேன் கேட்டு அழுதன. வகுப்பில் பாட்டைத் தவிர எல்லாச் சத்தமும் கேட்டது. முயலம்மாவுக்குக் காதும் நீளம், வாயும் நீளம். பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் வீட்டோடு இருக்கலாமே என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னது.

அன்றே கரடியம்மா செம்போத்திடம் போய், இனி வரப்போவதில்லை என்றது.

"வராவிட்டால், மேகம் இறங்கும்போது இவனை எப்படித் தேடுவாய்?" என்று கேட்டது செம்போத்து.

கரடியம்மா உருண்டையை இறுக்கி அணைத்துக்கொண்டது.

"தேனை வீட்டில் வைத்துவிட்டு வா. இவன் கத்தினால் அடிக்காதே, திட்டாதே. தூக்கிக்கொண்டு அதோ அந்தக் கறையான் புற்றுக்குப் பின்னால் போய் உட்கார். அடங்கியதும் திரும்பி வா. எத்தனை தடவை ஆனாலும் சரி."

"எல்லாரும் என்னையே பார்ப்பார்களே."

"பார்க்கட்டும். நீ அவர்களைப் பார்க்காதே, உன் பிள்ளையைப் பார்."

மறுநாள் கரடியம்மா வெறுங்கையோடு வந்தது. தேன் இல்லை என்றதும் உருண்டை மண்ணில் புரண்டது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குப் பின்னால் போய், ஒன்றும் பேசாமல் மடியில் வைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அழுகை நின்றதும் இரண்டும் திரும்பி வந்தன. அன்று மட்டும் ஏழு தடவை இப்படிப் போய் வந்தன. முயலம்மா ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தது.

நாள் போகப் போக அழுகை குறைந்தது. ஆனால் உருண்டை ஒரு தடவைகூடப் பாடவில்லை. வகுப்பின் கடைசி நாளிலும் முதுகைக் காட்டி உட்கார்ந்து எறும்புக் குழியை நோண்டிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் மேகம் இறங்கியது. ஒரு நாள் காலையில் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்த கரடியம்மாவுக்கு முதுகில் கனம் தெரியவில்லை. குட்டி இல்லை! பக்கத்தில் எங்கோ சிறுத்தையின் உறுமல் கேட்டது.

"எங்கே, எங்கே?" என்று கரடியம்மா பாடியது. பதில் இல்லை. குரலை உயர்த்தி இன்னொரு தடவை பாடியது.

"இங்கே, இங்கே" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. கூடவே டொக், டொக், டொக் என்று கட்டையைத் தட்டும் சத்தமும் வந்தது. ராகம் கொஞ்சமும் பிசகவில்லை.

கரடியம்மா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே ஓடியது. சிறுத்தை வந்து சேர்வதற்குள் குட்டி தாயின் முதுகில் இருந்தது. பெரிய கரடியோடு வம்பு எதற்கு என்று சிறுத்தை வந்த வழியே போய்விட்டது.

உருண்டை நின்றிருந்தது அதே புற்றுக்குப் பின்னால்தான். வழி தவறியதும், அம்மா மடியில் உட்கார்ந்த இடத்தையே தேடிப் போயிருக்கிறது.

"இந்தப் பாட்டை எப்போதடா படித்தாய்?" என்று கரடியம்மா கேட்டது.

"நீ என்னை இங்கே மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாயே, அப்போதுதான்" என்றது உருண்டை.

பிள்ளை அடம்பிடிக்கும்போது எதையாவது கொடுத்து வாயை அடைப்பதைவிட, பிறர் பார்வைக்குக் கூசாமல் பொறுமையாகக் கூடவே இருப்பதுதான் அதற்குப் பாடமாகும்.