வேலம்மை அழவில்லை

உறையூரில் ஒரு லேத் பட்டறை உண்டு. வாரத்தில் ஆறு நாள் இரும்பு கடைகிற இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எந்திரங்களுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு, நடுவில் ஒரு கறுப்புத் திரையைக் கட்டிவிடுவார்கள். பொம்மைகள் ஆடத் தொடங்கும்.

பட்டறை முதலாளிக்குப் பொம்மலாட்டம் என்றால் உயிர். அவரைப் போலவே முப்பது பேர் திருச்சியின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ், பஸ் கண்டக்டர், மருந்துக்கடைக்காரர், கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிறவர். ஞாயிறு விடிந்தால் இவர்கள் யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. பொம்மைக்கு எந்த மரம் தோது, கட்டுவதற்கு எந்தக் கயிறு நல்லது என்று பேச ஆரம்பித்தால் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்.

இவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் தில்லைநாயகி. வயது முப்பத்தாறு. குழுவில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவர் வாத்தியாரம்மாதான்.

சவரிமுத்துவுக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐந்து மாதம் உட்கார்ந்து, கல்யாண முருங்கை மரத்தில் ஒரு பெண் பொம்மை செதுக்கினார். உப்பு விற்கிறவள். வேலம்மை என்று பேர் வைத்தார்.

வேலம்மைக்காகவே குழு ஒரு நாடகம் கட்டியது. உப்பு அளந்துகொண்டிருக்கும் இடத்தில் அவளுக்குச் செய்தி வருகிறது, கடலுக்குப் போன புருஷனின் படகு திரும்பவில்லை என்று. அவள் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். நாடகத்தின் உயிர்நிலையே அந்த இடம்தான்.

அந்த முகத்தை ஒரு தரம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கன்னத்தில் வெயில் தின்ற கருமை. கீழுதட்டில் சின்னதாக ஒரு வெடிப்பு. கண்ணில் நீர் திரண்டு, விழாமல் நிற்கிற மாதிரி ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்புக்கு மட்டும் சவரிமுத்துவுக்குப் பதினேழு நாள் பிடித்தது.

முதல் ஆட்டம் தென்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வேலம்மையைச் சவரிமுத்துவே ஆட்டினார். முடிந்ததும் கூட்டம் வேலம்மையைச் சூழ்ந்துகொண்டது. செல்போனை நீட்டி நீட்டிப் படம் எடுத்தார்கள். சவரிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆனால் வேலம்மை அழுத நேரத்தில் பின்வரிசையில் மூன்று பேர் கொட்டாவி விட்டதை அவர் மனைவியே பார்த்திருந்தார். வீட்டுக்கு வந்து சொல்லவும் செய்தார்.

அடுத்த ஞாயிறு தில்லைநாயகி ஒரு செய்தி சொன்னார். தஞ்சாவூரில் பத்து நாள் பொம்மலாட்ட விழா. ஆறாம் நாள் ஆட்டம் உறையூர்க் குழுவுக்கு. பட்டறையில் கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. பிறகு யார் யாருக்கு எந்தப் பொம்மை என்று பிரித்துச் சொன்னார். வேலம்மையைக் கமருன்னிசா ஆட்டட்டும் என்றார்.

கமருன்னிசாதான் அந்த நர்ஸ். நன்றாக ஆட்டுவார். அது சவரிமுத்துவுக்கும் தெரியும். இருந்தாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. எல்லோரும் போகும்வரை காத்திருந்தார்.

"வேலம்மைக்கு என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்லை, சார்."

"அப்ப குறை எனக்கா?"

தில்லைநாயகி கயிறுகளைச் சிக்கில்லாமல் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணை வேண்டுமானால் மாற்றுகிறேன் என்றார் சவரிமுத்து. புருவத்தை இறக்குகிறேன். வர்ணத்தைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தீட்டுகிறேன். இன்னும் இருபது நாள் இருக்கிறது, அதற்குள் எல்லாம் முடியும். சொல்லச் சொல்ல அவர் குரல் தடித்தது.

"அவ அழுதா சனங்க அழணும். அதுக்கு நான் அந்த முகத்துல என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லுங்க."

தில்லைநாயகி கடைசிக் கயிற்றையும் சுற்றி முடித்தார்.

"புதன்கிழமை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. வேலம்மையைக் கொண்டு வாங்க. நீங்களே ஆட்டுங்க."

எங்கே என்று கேட்டார். ஊருக்கு வெளியே பார்வையற்ற பெண்களுக்கான ஒரு விடுதி. நாற்காலி பின்னி விற்கிறார்கள். நாற்பது பேர் இருப்பார்கள்.

சவரிமுத்துவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"அங்கே யாரும்மா வேலம்மையைப் பார்ப்பாங்க?"

"போய்ப் பார்த்துட்டு வருவோம், சார்."

வீட்டுக்குப் போய், இந்த ஒரு ஆட்டத்தோடு குழுவிலிருந்து விலகிக்கொள்ளப் போவதாக மனைவியிடம் சொன்னார். புதன்கிழமை போகவே வேண்டாம் என்றுகூட நினைத்தார். ஆனால் தான் போகாவிட்டால் வேலம்மையை வேறு யாராவது தூக்கி ஆட்டுவார்கள். அதை நினைத்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விடுதியில் நாற்காலி பின்னுகிற கூடத்திலேயே திரை கட்டினார்கள். சுவரோரம் பச்சையும் நீலமுமாக ஒயர்க் கட்டுகள் தொங்கின. பெண்கள் தரையில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கமருன்னிசா முன்னால் போய், என்ன நாடகம், யார் யார் வருவார்கள் என்று இரண்டு வார்த்தை சொன்னார்.

இந்த ஆட்டத்தில் ஆட்டுகிறவர் திரைக்குப் பின்னால் நிற்பார், பொம்மை முன்னால் நிற்கும். துணி சுற்றிய ஓர் இரும்பு வளையத்தை அவர் தலையில் மாட்டிக்கொள்வார். பொம்மையைத் தாங்குகிற கயிறுகள் அந்த வளையத்திலிருந்துதான் இறங்கும். பொம்மையின் கைகளுக்கு மட்டும் தனியாக இரண்டு கம்பிகள். ஆட்டுகிறவர் காலில் சலங்கை. அவர் எட்டு வைத்தால் பொம்மையும் எட்டு வைக்கும். வேலம்மையின் எடை ஏழு கிலோ. அத்தனையும் தலையில்தான் இறங்கும்.

அந்தப் பெண்கள் நன்றாகவே கேட்டார்கள். சலங்கையின் நடையை வைத்தே யார் வருகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். கண்டக்டர் வேலம்மைக்காகப் பாடிய ஒப்பாரியில் இரண்டு மூன்று பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். திரைக்கு மேலாக அதைப் பார்த்தபோது சவரிமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆட்டம் முடிந்ததும் பொம்மைகளைத் தொட்டுப் பார்க்கலாம் என்றார் தில்லைநாயகி. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வேலம்மையின் நெற்றி, மூக்கு, உதடு என்று விரல்கள் மெதுவாக இறங்கின. உதட்டின் வெடிப்பைத் தொட்ட ஒரு பெண், உப்புக்காற்று பட்ட உதடு என்றாள். இதுவரை கண்ணால் பார்த்தவர் யாரும் அதைச் சொன்னதில்லை. சவரிமுத்து வாத்தியாரம்மா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கேட்டீர்களா என்கிற பார்வை.

அடுத்து வந்தவர் பேச்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். கோவில்பட்டிக்காரர். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கூடத்தில் நாற்காலி பின்னுகிறார். முகத்தைத் தொட்டுவிட்டு, கயிற்றையும் மேலே மேலே தடவிப் பார்த்தார்.

"பாட்டு நல்லா அழுதுச்சு, அண்ணாச்சி. இந்தப் பிள்ளை எப்ப அழுதா?"

"உக்காந்ததும் அழுதாளே. ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டு."

"எனக்கு அது வந்து சேரலையே. இன்னொரு தடவை செய்ங்களேன். கயிறை நான் பிடிச்சுக்கிடுதேன்."

சவரிமுத்து என்ன செய்வது என்று தில்லைநாயகியைப் பார்த்தார். தில்லைநாயகி திரையை ஓரமாகச் சுருட்டி, பேச்சியம்மாள் நிற்க இடம் செய்துகொடுத்தார். அவ்வளவுதான்.

வேலம்மை மறுபடி நடந்து வந்தாள். செய்தியைக் கேட்டாள். உட்கார்ந்தாள். முகத்தைப் பொத்தினாள். பேச்சியம்மாளின் இரண்டு விரல்கள் கயிற்றின் மேலேயே இருந்தன.

"உக்காருற வரைக்கும் இருந்தா. உக்காந்ததும் போயிட்டா. கயிறு செத்துக் கிடக்கு."

சவரிமுத்து விளக்கிச் சொன்னார். உட்கார்ந்துவிட்டால் பொம்மையின் எடை தரைக்குப் போய்விடும், கயிறு தொய்வது இயற்கை என்றார். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற தோரணை தன்னாலே வந்துவிட்டது. பேச்சியம்மாள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு இன்னொரு தடவை என்றார்.

இரண்டாம் தடவையும் கயிறு செத்தது. மூன்றாம் தடவையும் செத்தது. சவரிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது.

"உங்க மூச்சு என் கையில படுது, அண்ணாச்சி" என்றார் பேச்சியம்மாள். "அவ நடக்கும்போது படலை. செய்தி கேக்கும்போதும் படலை. அழப்போற நேரத்துக்குத்தான் படுது. குனிஞ்சு எதைத் தேடுதீக?"

சவரிமுத்து வளையத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"முகத்தை."

பின்னால் நிற்கிறவனுக்குப் பொம்மையின் உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது. அந்த இடம் வந்தால் மட்டும் அவர் கழுத்தை முன்னால் நீட்டி எட்டிப் பார்த்திருக்கிறார். விரல் கண்ணை மறைக்கிறதா, வெளிச்சம் அந்தப் பளபளப்பில் விழுகிறதா என்று. கழுத்து சாய்ந்ததும் வளையம் சாய்ந்திருக்கிறது. கயிறு தொய்ந்து, வேலம்மை வெறும் மரமாகக் கிடந்திருக்கிறாள். தென்னூரிலும் இதேதான் நடந்திருக்கிறது. பட்டறையில் நடந்த ஒத்திகை ஒவ்வொன்றிலும் இதேதான்.

யாரும் கேட்காமலே நான்காம் தடவை வளையத்தை மாட்டிக்கொண்டார்.

வேலம்மை வந்தாள். செய்தியைக் கேட்டாள். சவரிமுத்து எதிர்ச்சுவரில் தொங்கிய பச்சை ஒயரைப் பார்த்தபடி, முதுகு வளையாமல், முழங்காலை மட்டும் மடக்கி மெல்ல இறங்கினார். கயிறு தொய்யவில்லை. ஏழு கிலோவும் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. வேலம்மை தலை கவிழ்ந்தபோது அது அவர் பிடரியை இழுத்தது. அவள் தோள் குலுங்கியபோது அவர் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளைச் செதுக்கத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகத் தெரியவில்லை. பயமாகக்கூட இருந்தது. எட்டிப் பார்க்கவில்லை. அப்படியே இருந்தார்.

காட்சி முடிந்தது. பேச்சியம்மாளின் விரல்கள் கயிற்றை விடவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண் என்னாச்சு என்று கேட்டாள். "சும்மா இரு" என்றார் பேச்சியம்மாள். சவரிமுத்துவுக்கு முழங்கால் வலித்தது. அந்த விரல்கள் தாமாக விலகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பட்டறையில் ஒத்திகை. சவரிமுத்து வேலம்மையைக் கொண்டுபோய்க் கமருன்னிசாவிடம் கொடுத்தார். ஒரு தடவை நீங்கள் செய்து காட்டுங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்றார் கமருன்னிசா. சவரிமுத்து செய்து காட்டினார். முடிந்ததும் கமருன்னிசா வந்து, அவர் தலையில் வளையம் சரிந்திருந்ததை நேராக்கிவிட்டு, இனி இதை நான் தொட்டால் சரியாக இருக்காது என்று சொல்லிவிட்டுத் தன் பழைய பொம்மையை எடுத்துக்கொண்டார். தில்லைநாயகி தலையை மட்டும் அசைத்தார்.

தஞ்சாவூரில் ஆறாம் நாள் மாலை அரங்கம் நிறைந்திருந்தது. வேலம்மை உட்கார்ந்தபோது எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கியது, உடனே அடங்கியது. அதன்பிறகு திரை விழும்வரை ஒரு சத்தமும் இல்லை.

படம் எடுக்கவும் அன்று யாரும் முண்டியடிக்கவில்லை. ஓர் அம்மாள் மட்டும் திரைக்குப் பின்னால் தேடி வந்தார். முகத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று சவரிமுத்து நினைத்தார்.

"அந்த உப்புக்காரிக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

நாடகத்தில் அது கிடையாது. சவரிமுத்து ஒருபோதும் யோசித்ததும் இல்லை.

"ரெண்டு" என்றார்.

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஊருக்குத் திரும்பும் வேனில் பொம்மைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலம்மையைத் துணியில் சுற்றித் தில்லைநாயகியிடம் கொடுத்தார் சவரிமுத்து. அப்போதுதான் கேட்டார்.

"நான் குனியறதை எப்பம்மா கவனிச்சீங்க?"

"தென்னூர்லயே, சார்."

"அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, குனியாதீங்கன்னு."

தில்லைநாயகி வேலம்மையை மற்றப் பொம்மைகளுக்கு நடுவே அணைவாகப் படுக்கவைத்தார்.

"சொல்லியிருந்தா குனியறதை விட்டிருப்பீங்க, சார். முகத்தைப் பார்க்கறதை விட்டிருக்க மாட்டீங்க."